எழுவரில் நால்வர் வாசித்தளிக்கும் பாராட்டு

மனநலம் பேணும் மாண்பால் மாணவர் மனங்களில் மங்காது வாழ்பவரே! கேட்டலைக் கலையாக்கி, கேண்மையை முறையாக்கி, கேள்வியைக் கைவிளக்காக்கிய பெருமாட்டியே! அஞ்சி வந்தோர்க்கு ஆறுதலும், ஆத்திரத்தோடு வந்தோர்க்கு அமைதியும், அரைகுறையாய்க் கற்று வந்த எங்களைப் போன்றோர்க்கு அடிக்கடி தலைகுனிவும் தந்தருளிய ஆசிரியையே! முப்பத்தோராண்டு இவ்வுளவியல் துறையின் கீழ்த்தளத்தில், சன்னலே இல்லாத மேற்பார்வை அறையில், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடியின் பின்னால் அமர்ந்து, பிறர் பேசுவதைக் கேட்பதையே பெருந்தொழிலாகக் கொண்ட பேராசிரியப் பெருந்தகையே! தங்கள் பணிநிறைவு நாளாகிய இன்று, தங்களோடு பணியாற்றிய நாங்கள் நடுங்கும் குரலில் படித்தளிக்கும் மடல் இது. நடுங்கும் குரல் என்பது அலங்காரத்துக்காக எழுதியதன்று.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் வாயில் நுழையாப் பெயரை, வாசலில் தயங்கி நின்ற முதுநிலை மாணவர்க்கு நாலே வரியில் விளக்கியவர் தாங்கள். “மனசுல ஓடுற நினைப்பைப் பிடி. அதுக்கு என்ன ஆதாரம்னு அவங்களையே கேளு. அப்புறம் வெளியில கூட்டிட்டுப் போய் செஞ்சு பார்க்க வை. அவ்வளவுதான் சிபிடி, மிச்சத்தைக் கத்துக்க ரெண்டு வருஷம் ஆகும்” என்பீர்கள். புதியவர்கள் சிரிப்பார்கள். சிகிச்சைக்கு வந்தவரோடு தாம் பேசிய முதல் ஒலிப்பதிவைத் தங்கள் மேசையில் வைக்கும் நாளில் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். ‘ஆதாரம் மேடம்’ என்று மாணவர் தங்களுக்கு இட்ட பட்டப்பெயரைத் தெரியாதது போலவே நடந்துகொண்டீர்கள். ஒருமுறை மட்டும், “என்னை ஏதோ பேர் வெச்சுக் கூப்பிடுறாங்களாம். கேள்விப்பட்டதுதான், ஆதாரம் இல்ல” என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தீர்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

நூற்று நாற்பத்திரண்டு மாணவர்! அவர்தம் ஒலிப்பதிவுகளை முதல் நிமிடம் தொட்டு ஐம்பதாம் நிமிடம் வரை, இருமலும் செருமலும் நாற்காலி கிரீச்சிடுவதும் விடாமல், முழுமையாகக் கேட்டவர் தாங்கள். கேட்டு முடிக்கும்வரை வாய் திறந்ததில்லை. வாய் திறந்தபின் வீண்சொல் உதிர்ந்ததில்லை. கண்டிக்கும்போதும் கனிவு குன்றியதில்லை. கனியும்போதும் கண்டிப்புக் குறைந்ததில்லை. பேசிப் பார்க்கும் பயிற்சியில் சிகிச்சைக்கு வந்தவராகத் தாங்களே மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்தால், எதிரே இருக்கும் மாணவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாக ஒருநாள் பேசினீர்கள். கேட்டுக்கொண்டிருந்த மாணவி பாதியில் எழுந்து வெளியே ஓடினாள். பின்னாலேயே போய், நடைக்கூடத்துத் தண்ணீர்க் குழாயருகே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஓடினது தப்பில்லம்மா, திரும்பி வந்து உக்காரு, அதுதான் வேலை” என்றீர்கள். அவள் திரும்பி வந்தாள். இன்று எங்களுள் ஒருத்தியாக நிற்கிறாள்.

எங்களுள் இம்மடலை எழுதியவனின் முதல் ஒலிப்பதிவு இன்றும் துறையில் பேசப்படுவது. சிகிச்சைக்கு வந்தவர் ஒரு தையற்காரர். தொழிலை மாற்றித்தான் சொல்கிறேன். வந்தவர் இரகசியம் காக்கவும் தாங்கள்தானே கற்பித்தீர்கள்! கடைக்கு வருவோரெல்லாம் தம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். சிரித்தவர் யார், எப்போது, எத்தனை பேர், அவர்கள் வேறெதற்காவது சிரித்திருக்கக் கூடாதா என்று நாற்பது நிமிடம் அவரைக் குறுக்கு விசாரணை செய்தேன். கடைசியில் “ஆமா சார், நான்தான் தப்பா நெனச்சுட்டேன்” என்று அவரே சொன்னார். அந்தப் பெருமையோடு தங்கள் முன் அமர்ந்தேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கருவியை நிறுத்தினீர்கள். “கேஸ்ல ஜெயிச்சுட்ட, தம்பி. அவரு அடுத்த வாரம் வரமாட்டாரு” என்றீர்கள். வரவில்லை. தாங்களே அவரைத் தொலைபேசியில் அழைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள். அதன்பின் பதினான்கு வாரம் வந்தார்.

பாலத்தைக் கண்டால் கைகால் உதறும் ஒரு பேருந்து ஓட்டுநருக்காக, பயிற்சி மாணவரையும் அழைத்துக்கொண்டு பதினோரு முறை அதே பாலத்தை நடந்து கடந்தீர்கள். பன்னிரண்டாம் முறை “எனக்கு முழங்கால் வலிக்குது, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க” என்று இந்தக் கரையிலேயே நின்றுகொண்டீர்கள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இத்தகைய தந்திரமும் தாய்மையும், கூர்மையும் குறும்பும், ஒழுங்கும் ஓயாத உழைப்பும் ஓருருவாய் அமைந்த தங்களை வணங்கி மகிழ்கிறோம்!

அம்மையீர்! இதுவரை வாசித்தது துறைத் தலைவர் பார்த்து ஒப்புதல் அளித்த பகுதி. இதன்பின் ‘நல்லுடலும் நீளாயுளும் பெற்று’ என்று தொடங்கும் ஒரே வாக்கியம் இருந்தது, அத்துடன் முடிந்தது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர் அளவெடுத்ததும் அதற்குத்தான். இன்னும் நாலு பக்கம் சேரும் என்று நேற்றுப் போய்ச் சொன்னேன். “நாலு பக்கமா? இது பாராட்டா சார், பத்திரமா?” என்று கேட்டார். அந்த நாலு பக்கத்தைத் தலைவர் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருக்கும் அவர் எழுந்து நிறுத்தச் சொன்னாலும் நான் நிறுத்துவதாக இல்லை.

பாராட்டு மடலில் ‘நாங்கள்’ என்றே எழுதுவது மரபு. இனி அப்படி எழுதினால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வேன். ஆகவே இத்துறையில் பணியாற்றும் எழுவர் சேர்ந்து செய்ததை நாங்கள் என்றும், நான் செய்ததை நான் என்றும் எழுதுகிறேன்.

ஓராண்டுக்கு முன், பயிற்சிக் காலத்தை இரண்டாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைக்கத் துறை முடிவு செய்தது. ஒலிப்பதிவை முழுவதும் கேட்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் போதும் என்றும் முடிவாயிற்று. தாங்கள் ஒப்பவில்லை. நான்கு மாணவர்க்குத் தேர்ச்சிக் கையெழுத்திட மறுத்தீர்கள். “பத்து நிமிஷம் கேட்டுட்டு, கஷ்டத்துல இருக்கிற ஒரு மனுஷன் முன்னாடி இவங்களை உக்கார வெக்க என்னால முடியாது” என்றீர்கள். நியாயம் தங்கள் பக்கம் இருந்தது, வேலைப் பளு எங்கள் தலையில் இருந்தது. மாணவர்கள் எங்களிடம் வந்து புலம்பினார்கள். எங்களுக்கும் அலுத்துப் போயிற்று. தங்கள் முகத்தைப் பார்த்துப் பேசும் துணிச்சல் ஒருவருக்கும் இல்லை.

எழுவர் கூடித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். தங்களை மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று கேட்டோம். காரணம் என்று ஒன்று வேண்டுமே! தங்கள்மீது ஒரு சிறு புகார்கூட எங்குத் தேடியும் கிடைக்கவில்லை. கடிதத்தை வரைந்தவன் நான். ‘பேராசிரியரின் செவித்திறனும் நினைவாற்றலும் முன்போல் இல்லையோ என அஞ்சுகிறோம்’ என்று எழுதினேன். ஒரு மாணவியின் பதிவில் ஒரே இடத்தைத் தாங்கள் மூன்று முறை திரும்பக் கேட்டதை அதற்குச் சான்றாகக் காட்டினேன். ஏன் மூன்று முறை கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். “வீட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லும் முன் அந்தப் பெண் எவ்வளவு நேரம் தயங்கினாள் என்று பார்த்தீர்கள். அது தெரிந்தும்தான் எழுதினேன். ஏழு பேரும் கையெழுத்திட்டோம்.

தங்கள் காதுக்கு இதெல்லாம் தப்புமா? பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினீர்கள். சிகிச்சைக்கு முதல்முறை வருபவரைப் போல நாற்காலியின் நுனியில் அமர்ந்தீர்கள்.

“தம்பி, தப்பா எடுத்துக்காத. எல்லாரும் சேர்ந்து என்னை வெளியேத்தப் பாக்குறாங்களோன்னு தோணுது” என்றீர்கள்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த நாலு பக்கமும் தேவைப்பட்டிருக்காது. கடிதம் தலைவரின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அதில் என் கையெழுத்து இருந்தது. தப்பித்தால் போதும் என்று திணறியவன் வாயில், பழக்கதோஷத்தில், தாங்கள் கற்பித்த கேள்விதான் வந்தது.

“அதுக்கு என்ன ஆதாரம் மேடம்?”

தாங்கள் சிரித்துவிட்டீர்கள். “அதானே! ஊருக்கெல்லாம் சொல்றேன், எனக்கு யாரு சொல்றது? தாளை எடு” என்றீர்கள். மேசையிலிருந்து எண்ணப் பதிவுத் தாள் ஒன்றைத் தாங்களே உருவிக்கொண்டீர்கள். எண்ணத்துக்குச் சார்பான ஆதாரம் ஒரு பக்கத்தில், எதிரான ஆதாரம் மறு பக்கத்தில். அந்த எண்ணத்தை எத்தனை விழுக்காடு நம்புகிறோம் என்பது மேலே. எண்பத்தைந்து என்று எழுதினீர்கள்.

மூன்று ஆதாரம் சொன்னீர்கள். டீ அறைக்குள் தாங்கள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறது. திங்கட்கிழமை மேற்பார்வைப் பட்டியலில் தங்கள் பெயருக்கு நேரே மாணவர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. வழக்கமாகத் தங்களோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்துவரும் இளைய ஆசிரியைக்கு ஒரு வாரமாக வேறு வேலை வந்துவிடுகிறது. நான் ஒவ்வொன்றுக்கும் வேறொரு காரணம் சொன்னேன். டீ அறையில் பேச்சு நிற்பது தங்கள்மேல் உள்ள மரியாதையால். பட்டியலில் தட்டச்சுப் பிழை. அந்த ஆசிரியைக்குக் கைக்குழந்தை இருக்கிறது. சார்பான பக்கத்தை முழுதாக நிரப்ப விட வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்பது தங்கள் கட்டளை. தாங்கள் நாலாவதாக ஏதோ எழுதப் போனீர்கள். “போதும் மேடம், இந்தப் பக்கம் வருவோம்” என்று நான் தாளைத் திருப்பி வைத்தேன். அந்த நாலாவது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐந்து வியாழக்கிழமை வந்தீர்கள். எண்பத்தைந்து எழுபதாயிற்று, ஐம்பதாயிற்று. நான்காம் வாரம், சிகிச்சை முறைப்படி, செய்து பார்க்கும் சோதனை ஒன்று வைத்தேன். “நீங்களே டீ ரூமுக்குள்ள போய் அவங்க பக்கத்துல உக்காந்து பேசிப் பாருங்க, என்ன நடக்குதுன்னு வந்து சொல்லுங்க” என்று அனுப்பினேன். அனுப்புவதற்கு முன், அங்கிருந்தவர்களிடம் போய், “மேடம் வருவாங்க, சாதாரணமா இருங்க” என்று சொல்லிவைத்துவிட்டு வந்தேன். சாதாரணமாக இருந்தார்கள். ஒருவர் நாற்காலி இழுத்துப் போட்டார், ஒருவர் சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டார். தாங்கள் திரும்பி வந்து, “பதினஞ்சுக்கு வந்துடுச்சு, தம்பி” என்றீர்கள். முகத்தில் அத்தனை நிம்மதி. பிறகு, “நீ நல்லா பண்ற. நான் நெனச்சதைவிட நல்லா வந்துட்ட” என்றீர்கள். தங்களிடமிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காக நான் பல வருடம் ஏங்கியிருக்கிறேன். அது கிடைத்தபோது, கையில் இருந்த தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

அடுத்த துறைக் கூட்டத்தில் தாங்கள் எழுந்து நின்றதை இந்த அரங்கில் பாதிப்பேர் பார்த்திருக்கிறார்கள். “நான் உங்க எல்லாரையும் மனசுக்குள்ள ரொம்பத் தப்பா நெனச்சுட்டேன். நீங்க யாரும் ஒண்ணும் பண்ணல. என்னை மன்னிச்சுடணும்” என்று கை கூப்பினீர்கள். எழுவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். “ஐயோ, விடுங்க மேடம், பரவால்ல” என்று எங்களில் ஒருவர் பெரிய மனது பண்ணி மன்னித்தும் விட்டார்! மற்றவர்கள் தரையைப் பார்த்தோம். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

அந்த மாதமே உத்தரவு வந்தது. நிர்வாகச் சீரமைப்பு என்று போட்டிருந்தது. மேற்பார்வை அறையிலிருந்து தங்களை எடுத்து, படிக்கட்டுக்கு அடியில் பழைய ஒலிப்பேழைகள் கிடக்கும் அறையில், அவற்றுக்குப் பட்டியல் போடும் வேலை கொடுத்தார்கள். தங்களைப் பார்க்க வந்தேன். தூசிக்குப் பயந்து மூக்கில் துணி கட்டியிருந்தீர்கள். “சீரமைப்புதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல. மனசு வேற எங்கயோ ஓடப் பாக்குது, பிடிச்சு நிறுத்திட்டேன்” என்றீர்கள். மெச்சிக்கொள்வேன் என்று எதிர்பார்த்ததுபோல் என்னைப் பார்த்தீர்கள். “ரொம்ப நல்லது மேடம்” என்றேன்.

அதன்பின் இப்படி ஆகும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. செய்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாணவி தன் பதிவோடு தங்களைத் தேடி வந்தாள். சிகிச்சைக்கு வந்தவர் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தாங்கள் ஒருமுறை கேட்டுச் சொன்னால் போதும் என்றாள். முன்பென்றால் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பீர்கள். அன்று பேழையைத் தொடவே இல்லை. “என் காதை இப்ப நம்ப முடியாதும்மா. இல்லாததெல்லாம் எனக்குக் கேக்குது. வேற யார்கிட்டயாவது கொடு” என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அவள் என்னிடம் வந்தாள். நான் பத்து நிமிடம் கேட்டேன், விதிப்படி.

பிறகுதான் இந்த விருப்ப ஓய்வு. பணிக்காலம் இன்னும் இரண்டாண்டு இருக்க, தாங்களே எழுதிக் கொடுத்தீர்கள். தபால் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்ததால், அந்தக் கடிதம் என் மேசை வழியாகத்தான் மேலே போனது. ‘இல்லாததை இருப்பதாகக் காணத் தொடங்கிய மனத்தோடு பிறரைப் பயிற்றுவிப்பது முறையன்று’ என்று அதில் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு, பெறப்பட்டது என்று முத்திரை குத்தினேன்.

மூன்று வாரத்துக்கு முன் தங்கள் மகள் என்னைத் தேடி வந்தார். இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். இதை நான் வாசிக்கப் போவது அவருக்கும் தெரியாது. அன்று, சுடுமணலில் நிற்பவர்போல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டு அவர் சொன்னது இது:

“அம்மா இப்பல்லாம் எதையும் தானா முடிவு பண்றதில்ல சார். அடுப்பை அணைச்சேனான்னு ஆபீஸுக்கு போன் பண்ணி என்னைக் கேக்குறாங்க. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே கேக்குறாங்க! போய்ப் பாரும்மான்னா, ‘பாத்தேன்டி, ஆனா நான் பாத்ததை எப்படி நம்புறது’ன்னு சொல்றாங்க. மறதியோன்னு பயந்து டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். முப்பதுக்கு முப்பது. டாக்டரே சிரிச்சுட்டாரு. அப்புறம் என்ன சார் ஆச்சு அவங்களுக்கு? நீங்க கூடவே இருந்தவங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“வயசாகுதுல்ல” என்றேன் நான்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் நின்றபின், நான் செய்தது என்ன என்று எனக்கு விளங்கியது. தங்களிடமிருந்து வேலையைப் பறித்தோம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அதற்காவது ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தங்கள் கண்ணையும் காதையும் தங்களுக்கே எதிராகத் திருப்பிவிட்டேன் என்பதற்கு எந்தச் சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை. அதுவும் எதைக் கொண்டு! தாங்கள் முப்பத்தோராண்டு உட்கார்ந்து கற்பித்த முறையைக் கொண்டு, தாங்கள் அச்சடித்து வைத்த தாளைக் கொண்டு. முதலாண்டு மாணவனுக்கே தாங்கள் சொல்லும் பாடம் எனக்குத் தெரியாதா? “நினைப்பு நெசமா இருந்தா அதை மாத்த நமக்கு உரிமை கிடையாது. அங்க நம்ம வேலை, அவங்க பக்கத்துல நிக்கிறது” என்பீர்கள். நான் பக்கத்தில் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவைக் கையில் கொடுத்து, பொய்யை எழுத வைத்தேன். வெட்கமாக இருக்கிறது, அம்மையீர். வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை.

சென்ற வாரம் மற்ற ஆறு பேரையும் மேற்பார்வை அறைக்கு அழைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். “போற நேரத்துல எதுக்கு சார் கிளறணும்? அவங்க சந்தோஷமா போகட்டும்” என்றார் ஒருவர். “சந்தோஷமாவா போறாங்க?” என்று கேட்டாள், அன்று தண்ணீர்க் குழாயருகே அழுதுகொண்டு நின்றவள். அவளும் கையெழுத்திட்டவள்தான். “என் பிள்ளைங்க படிக்குது, என்னை இதுல இழுக்காதீங்க” என்றார் இன்னொருவர். ஒருவர் எழுந்து போனார். ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை. முடிவில் நால்வர் ஒப்பினோம், மூவர் ஒப்பவில்லை.

தங்கள் ஓய்வு உத்தரவைத் திரும்பப் பெற முடியுமா என்று மேலிடம் வரை போய் விசாரித்தோம். முடியாதாம். கையெழுத்தாகிவிட்டது. இன்று மாலை தாங்கள் இந்தக் கட்டடத்தை விட்டுப் போகத்தான் போகிறீர்கள். எதை நம்பிக்கொண்டு போகிறீர்கள் என்பது ஒன்றுதான் எங்கள் கையில் மிச்சம் இருக்கிறது. ஆகவே, அந்தத் தாளில் நான் நிரப்ப விடாத பக்கத்தை இந்த மன்றத்தில் நிரப்புகிறோம்.

டீ அறையில் பேச்சு நின்றது தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால். பட்டியலில் எண்ணிக்கை குறைந்தது பிழையன்று, குறைத்தோம். இளைய ஆசிரியைக்குக் கைக்குழந்தை இருப்பது மெய். தங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் வேறு வழியாகப் போனதும் மெய். டீ அறைச் சோதனை நான் சொல்லிவைத்த நாடகம். சீரமைப்பு என்று ஒன்று இத்துறையில் நடக்கவே இல்லை. தங்கள் காது பழுதில்லை, நினைவு பழுதில்லை, மனம் பழுதில்லை. எண்பத்தைந்து என்று எழுதினீர்கள். நூறு என்று எழுதியிருக்கலாம். முதல் கடிதத்தில் எழுதியது பொய் என்று நால்வரும் கையெழுத்திட்டு, தலைவருக்கும் மேலிடத்துக்கும் இன்று காலை அனுப்பிவிட்டோம். அதன் நகல் தங்கள் மகளிடம் தரப்படும். எங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஆகட்டும்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் தாங்கள் கொடுத்துவிடுவீர்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நல்ல குணத்தை ஏற்கெனவே ஒருமுறை சுரண்டித் தின்றவர்கள் நாங்கள். தங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். பாதியில் எழுந்து போக வேண்டும் என்றால் போங்கள். நாற்காலியைத் தூக்கி என்மேல் எறிந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

கேட்டலின் பெருமாட்டியே! கேளாதபடி பேசிக்கொண்ட எழுவரின் கிசுகிசுப்பைச் சுவருக்கு அப்பாலிருந்தே கேட்டவரே! மெய்யை மெய்யென்று கண்டும், தம் பிழையோ என்று தம்மையே சோதித்துப் பார்த்த நேர்மையாளரே! அந்த நேர்மைதான் எங்களுக்கு வசதியாய்ப் போயிற்று. எழுபதும் எண்பதும் கடந்து, முழங்கால் வலியின்றி, முகச்சுளிப்பின்றி, தாங்கள் நெடிது வாழ வேண்டும். அடுப்பை அணைத்ததாகத் தோன்றினால் அணைத்ததுதான் என்று நிம்மதியாய் நாற்காலியில் சாய வேண்டும். அந்த மாணவி தன் பதிவோடு தங்கள் வீட்டுக்கு வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு முழுவதும் கேட்க வேண்டும். எங்களை நினைக்கவே வேண்டாம்.

இங்ஙனம்,
தங்களை நம்ப வைத்து ஏமாற்றியவர்களுள் நால்வர்:
இதை எழுதி வாசிக்கும் விரிவுரையாளன்,
தண்ணீர்க் குழாயருகே தங்கள் கை தோளில் பட்டவள்,
பேருந்து நிறுத்தத்துக்கு வேறு வழியாகப் போனவள்,
பட்டியலில் எண்ணிக்கையைக் குறைத்த அலுவலகப் பொறுப்பாளர்.

கையொப்பங்களை வாசித்த பின்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தில் ஏழு பேர், இங்கே நான்கு பேர். மற்ற மூவரும் இதே அரங்கில், தங்களை வரவேற்று எங்களோடு சேர்ந்து கை தட்டியவர்களாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று நாங்கள் எழுதவில்லை. தலையை நிமிர்த்தி ஒருமுறை சுற்றிப் பாருங்கள், அம்மையீர். யாரென்று தங்களுக்குத் தோன்றுகிறதோ, அவர்கள்தாம்.